கடல் காட்டிய கார்

அங்கம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கதவை எந்தப் பக்கம் இழுத்தால் திறக்கும் என்பதே வாங்கிய பிறகுதான் தெரிந்தது. ஆனால் காத்திவாக்கம் குப்பத்தில், ஏன், எண்ணூர் முழுக்கத் தேடினாலும், ஒரு காரை நினைத்து அவளைப் போல ஏங்கிய பொம்பளை கிடைக்கமாட்டாள். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரித்தவர்களில் ஒருத்தருக்காவது, எதற்கம்மா உனக்கு இந்தக் கார் என்று கேட்கத் தோன்றியதா?

ஒரே மகள் மோகனப்ரியாவை மீஞ்சூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். முதல் தடவை உண்டானபோது, அம்மாவைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது என்று மகள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். டேங்கர் லாரியும் டிரெய்லரும் உழுது போட்ட ரோடு அது. வந்து இறங்கிய அன்றே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளை தங்கவில்லை. ஆட்டோவில் குலுங்கியதால்தான் போனது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, சம்பந்தியம்மா சொன்னாள். அங்கம்மாவும் இறால் உரிக்கிற நேரமெல்லாம் அதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டாவது தடவை டாக்டரே எச்சரித்துவிட்டார், பெண் அலையக் கூடாது, குலுங்கக் கூடாது என்று. சம்பந்தியம்மா ஒரே பிடியாக நின்றாள். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அனுப்பவேண்டுமென்றால் அலுங்காத வண்டி ஒன்று வாசலில் வந்து நிற்கவேண்டும். இல்லையென்றால் பிரசவமும் மீஞ்சூரிலேயே. அந்தப் பிள்ளையை முதலில் தன் கையில் வாங்கவேண்டும் என்பதைத் தவிர அங்கம்மாவுக்கு அந்த வருஷம் வேறு ஆசையே கிடையாது. போன பிள்ளைக்கும் சேர்த்து அதைக் கொஞ்சவேண்டும் என்று இருந்தாள்.

அவள் மீன் விற்கிற இடத்துக்கு எதிரே ரோட்டில் ஒரு பள்ளம் உண்டு. பஸ்ஸே அதில் இறங்கி ஏறும்போது ஜன்னலோரத் தலைகள் எல்லாம் ஒருசேர ஆடும். ஒரு மத்தியானம் நீளமாக, கறுப்பாக ஒரு கார் வந்து அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின் சீட்டில் ஒரு ஆள் கண்ணாடி டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டீ சிந்தவில்லை. அங்கம்மா தராசைக் கையில் பிடித்தபடியே அந்தக் கார் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவளுக்குப் பகலிலேயே கனவு. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் கண்ணை மூடினால், மகள் அந்தப் பின் சீட்டில் சாய்ந்து, ரோட்டில் படாமல் மிதந்து வருவாள்.

துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டும் தம்பி டில்லிபாபுவிடம் சொன்னாள். டாக்சி வைத்துக்கொள்ளலாமே என்று அவன் சொல்லிப் பார்த்தான். டாக்சி அந்தப் பள்ளத்தில் எப்படிக் குதிக்கிறது என்று அவள் தினம் பார்க்கிறவள். அந்தக் கறுப்புக் காருக்கு ஸ்பிரிங் கிடையாது, நாலு சக்கரத்துக்கும் காற்றுப்பை என்று அவன்தான் விசாரித்து வந்தான். பிறகு அதே மாதிரி ஒன்றை, பன்னிரண்டு வருஷம் ஓடியதை, ஆறு லட்சத்துக்குப் பேசி முடித்தான். சீட்டுப் பணத்தை எடுத்தாள், சங்கிலியை அடகு வைத்தாள். புருஷன் குமாரவேல் வாயே திறக்கவில்லை. படகுக்காரன் அவன், தரையில் ஓடுகிற எதன் மேலும் அவனுக்கு மரியாதை இல்லை.

கார் குப்பத்துக்கு வந்த அன்று பார்க்கவேண்டுமே! பட்டனை அழுத்தியதும் புஸ்ஸென்று மூச்சிழுத்து வண்டி தானாக எழுந்து நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தக் குப்பத்தில் புதுப் படகு வந்தால் அதற்குக் கடல் காட்டுவார்கள். மஞ்சள் கலந்த கடல் தண்ணீரை முன்முனையில், அணியத்தில் ஒரு குடம், இன்ஜின் மேல் ஒரு குடம் ஊற்றாமல் எந்தப் படகும் தொழிலுக்குப் போகாது. காருக்கு மட்டும் என்ன குறைச்சல்? டில்லிபாபு பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அங்கம்மா மூன்று குடம் கடல் தண்ணீரை நிதானமாக, இண்டு இடுக்கு விடாமல் ஊற்றினாள். படகு இன்ஜின் கடல் தண்ணீரில்தானே குளிர்ந்து ஓடுகிறது, கார் இன்ஜின் கோவித்துக்கொள்ளவா போகிறது என்று யாருக்குமே சந்தேகம் வரவில்லை.

கொஞ்ச நாள் அவள் ராணிதான். வியாபாரம் முடிந்து குளித்துவிட்டு வந்து பின் சீட்டில் சாய்வாள். டில்லிபாபு திருவொற்றியூர் வரைக்கும் சும்மா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவான். பள்ளம் வரும், போகும், அவளுக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே கடலும் புகைக்கூண்டும் மெதுவாக நகரும். பக்கத்து இடத்தைக் கையால் தடவிக்கொண்டே தூங்கிப்போவாள்.

ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் கார் முன்பக்கம் மண்ணில் படுத்துக் கிடந்தது. பட்டனை அழுத்தினால் முனகல்தான் வந்தது. தள்ளி, கட்டி இழுத்து, ராயபுரத்தில் மொஹ்சின் ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள். பழைய வெளிநாட்டுக் கார் என்றால் வடசென்னையில் எல்லாரும் அவனிடம்தான் போவார்கள்.

மொஹ்சின் வண்டிக்கு அடியில் போனான், வந்தான். முன் காற்றுப்பை இரண்டும் வெடித்துக் கசிகிறது, பின் இரண்டும் அதிக நாள் தாங்காது, கம்பெனியில் ஒன்று தொண்ணூறாயிரம், பழுது பார்த்தது முப்பத்தைந்து. கசிகிற பைக்கு ஓயாமல் காற்றடித்தே கம்ப்ரசர் பாதி செத்துவிட்டது. கூலன்ட் குழாய் பிளாஸ்டிக், அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. கியர்பாக்ஸ் ஆயிலை இத்தனை வருஷத்தில் ஒருத்தனும் மாற்றவில்லை, அதனால்தான் கியர் விழும்போது இடிக்கிறது. அவன் சொல்லச் சொல்ல அங்கம்மா ஆறு லட்சத்துக்கு வாங்கின வண்டியா இது என்று புலம்பினாள்.

"நீ வாங்குனது ஆறு லட்ச ரூபா வண்டி இல்ல யக்கா. எழுபது லட்ச ரூபா வண்டி. வெலதான் எறங்கிச்சு, செலவு எறங்கல" என்றான் மொஹ்சின்.

அப்புறம் பானெட்டுக்குள் ஒயர் முனைகளைக் கழற்றிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். முனைகளில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. வண்டியைக் கடலில் ஏதாவது இறக்கினீர்களா என்று கேட்டான். டில்லிபாபு ஷெட்டின் கூரையை ஆராய்ந்தான். அங்கம்மா உள்ளதைச் சொன்னாள். மொஹ்சின் சிரிக்கவில்லை, பாவம், நெற்றியைத்தான் தேய்த்துக்கொண்டான். முடிந்தவரை சுத்தம் செய்துவிடலாம், ஆனால் உப்பு உள்ளே போய்விட்டால் எங்கே எப்போது தின்னும் என்று தன்னாலும் சொல்ல முடியாது என்றான். கம்ப்ரசரையும் பின் பைகளையும் மாற்றக் காசு இல்லை. முன்பக்கம் மட்டும் மாற்றிக் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கனவு போய்க் காதுதான் மிச்சம். கார் கிளம்பினால் எங்கே முனகுகிறது, எங்கே இடிக்கிறது என்று உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வருவாள். படுத்தாலும் அந்தப் புஸ் சத்தம்.

வளைகாப்பு நன்றாகவே நடந்தது. சம்பந்தியம்மா வாசலுக்கு வந்து, காரைச் சுற்றிப் பார்த்து, சீட்டை அமுக்கிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினாள். கண்ணாடி வளையல் குலுங்க மோகனப்ரியா பின் சீட்டில் ஏறினாள். அங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கார் கிளம்பியது. அவள் கண்டது கண்டபடியே நடந்தது. லாரிகள் குதித்தன, பைக்குகள் துள்ளின. இவர்கள் மட்டும் மிதந்தார்கள். மகள் கண் சொக்கி அம்மாவின் தோளில் சாய்ந்தாள். இந்த ஒரு நாளுக்காகப் பட்டதெல்லாம் தகும் என்று அங்கம்மா நினைத்தாள்.

அத்திப்பட்டு தாண்டி, எண்ணூர்ப் பாலம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கம்ப்ரசர் சத்தம் நின்றது. அங்கம்மாவுக்குத்தான் முதலில் கேட்டது. டில்லிபாபுவுக்கு முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. கார் பின்பக்கமாக, மெதுவாக, அசந்துபோன மாடு போலப் படுத்தது. மொஹ்சினைப் போனில் கேட்டு, அவன் சொன்ன மாதிரி டில்லிபாபு எதையெல்லாமோ தட்டிப் பார்த்தான். கம்ப்ரசருக்குக் கரன்ட் கொடுக்கிற ரிலேயை உப்பு தின்றுவிட்டது, இனி நகர்த்தினால் சக்கரம் பாடியில் உரசும், லாரி வைத்துத் தூக்குவதுதான் வழி என்றான் மொஹ்சின்.

ஆட்டோக்கள் வந்து நின்று கேட்டுவிட்டுப் போயின. பாலம் வரைக்கும் ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது. திரும்பி மீஞ்சூர் போனாலும் அதே ரோடுதான். மோகனப்ரியா பயந்து வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். நான் ஊற்றின தண்ணீர், நானே ஊற்றின தண்ணீர் என்று அங்கம்மா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நின்றாள். டில்லிபாபு தள்ளிப் போய் யாருக்கோ போன் பண்ணினான்.

கொஞ்ச நேரத்தில் ரோட்டுக்குக் கீழே, கழிமுகத்துக் கரையில், குமாரவேல் படகோடு வந்து நின்றான். வலையை மடித்து மெத்தையாகப் போட்டிருந்தான். மேலேறி வந்து மகளைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுபோய் அதில் சாய்த்து உட்காரவைத்தான். அந்தக் குப்பத்தில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. ஏறினால் கடல் கோபித்துக்கொள்ளும் என்பார்கள். அவன் படகு கொண்டுவந்த மீனையெல்லாம் விற்றவள் அங்கம்மா. அதன் பலகையில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. மகளை ஏற்றியதே பெரிது, தான் பாலத்தின் மேல் நடந்து போய்விடலாம் என்று கரையிலேயே நின்றாள்.

"நீ இன்னா அங்கயே நிக்கிற? ஏறு" என்றான் குமாரவேல்.

ஊரில் கேட்பார்களே என்றாள்.

"கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன். கைய குடு."

கொடுத்தாள். இன்ஜினைப் போட்டால் அதிரும் என்று அவன் போடவில்லை. கழியை ஊன்றித் தள்ளினான். படகு நழுவியது. தண்ணீர் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. அலையாத்திச் செடிகள் ஓரமாக வந்து போயின. மேலே ரோட்டில் டில்லிபாபுவும் படுத்த காரும் சின்னதாகிக்கொண்டே போனார்கள். ஒரு முனகல் இல்லை, இடி இல்லை; கழி தண்ணீரில் இறங்குகிற சத்தம் மட்டும்தான். மோகனப்ரியா அம்மாவின் மடியில் தலையை வைத்தாள். உள்ளே புரண்ட பிள்ளையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி அம்மாவின் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டு, அப்படியே தூங்கிப்போனாள்.

பிள்ளை புரண்டு அடங்கியும் அங்கம்மா கையை எடுக்கவில்லை. பிறகு, "இத்த அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா, படகுல கூட்டியாறேன்னு?" என்று கேட்டாள்.

குமாரவேல் கழியை உருவி மறுபடி ஊன்றினான். "அன்னிக்கு நீ கேட்டுருந்தா, முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான்.

அங்கம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். மகள் விழித்துவிடக் கூடாதே என்று உடம்பு குலுங்காமல் அழுதாள்.