ஐந்து கோப்பைத் தேத்தண்ணி

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கோயில் திருவிழாவின் பிற்பகல். தகரப் பந்தலின் கீழ் மேடையில் நானும் என் எலக்ட்ரிக் கிட்டாரும் மட்டும். பதுளையில் என்னோடு வாசித்த நால்வரும் ஒவ்வொருவராகக் கட்டாருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். பாடகர் இல்லாமல், டிரம்ஸ் இல்லாமல் தனியாகவே ஒரு கச்சேரியை நடத்திவிடலாம் என்று நம்பித்தான் பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

முக்கால் மணி நேரம் வாசிக்கிறேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனம் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கடைசி மெட்டை முடிக்கிறேன். ஒருவரும் கை தட்டவில்லை.

கோயில் கமிட்டியைச் சேர்ந்த செல்லம்மா அக்கா ஒரு தட்டில் தேத்தண்ணி கொண்டுவருகிறார்.

“சவுண்டெல்லாம் சரியா இருக்குங்களா தம்பி? பாட்டு எப்ப ஆரம்பிப்பீங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க.”

இவ்வளவு நேரமும் நான் மைக் சோதித்துக்கொண்டிருந்ததாகத்தான் நினைத்திருக்கிறார்கள். தட்டில் ஐந்து கோப்பைகள். நான் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

“மத்தவங்க எங்கங்க?”

“வந்துக்கிட்டு இருக்காங்க அக்கா.”

“மெதுவா வரட்டும். இந்த ரோட்டுல பஸ்ஸு அப்படித்தான்.”

மீதி நான்கையும் மேடை ஓரத்தில் வரிசையாக வைத்து, ஆறிவிடாமல் சாசரால் மூடுகிறார். பெண்கள் பிள்ளைகளை மடியில் சரியாக உட்கார வைத்துக்கொண்டு மேடையைப் பார்க்கிறார்கள்.

சுருதி கலையாத கிட்டாருக்கு நான் மறுபடியும் சுருதி சேர்க்கத் தொடங்குகிறேன்.