மீன் தராசில் அக்கா

பிள்ளைகளே, டொக்டர் சொன்னபடி காலையில் நான் தராசில் ஏறும்போதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, சுவரைப் பிடியாதேங்கோ" என்று சிரிக்கிறீர்கள். நானாட்டானில் இருந்து உங்கள் மாமி தொலைபேசி எடுத்தால் சுகம் விசாரிக்க முதலே எத்தனை கிலோ என்றுதான் கேட்கிறார், அதையும் பகிடி பண்ணுகிறீர்கள். மாமி அப்படிக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சுவரைப் பிடிக்கிற வித்தையை நான் பழகியதும் அவரிடம்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தெரிந்த மட்டில் எழுதுகிறேன்.

அப்போது மாமிக்கு, அதாவது என் அக்காவுக்கு, பன்னிரண்டு வயது. எனக்கு ஒன்பது. நாங்கள் இருந்த தீவின் வடகரையில் ஒரு முதலாளியின் கருவாட்டு வாடியில் மீன் வெட்டி உப்புப் போடுவது எங்கள் அப்பாவின் வேலை. அக்காவுக்குச் சின்னதில் தொண்டை நொந்து, காய்ச்சல் வந்து, முழங்கால் எல்லாம் வீங்கி, பிறகு சுகமாகி மாறிவிட்டது. மாறிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அந்தக் காய்ச்சல் போகிற போக்கில் அவளுடைய இருதயத்துக் கதவு ஒன்றைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. அது யாருக்கும் தெரியாது. தவக்காலத்தில் சிலுவைப்பாதைக்குப் போன இடத்தில் மூன்றாம் நிலையோடு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது.

இரண்டு கிழமை ஆசுப்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள். இருதயம் விட்டுப்போச்சு என்று ஊரில் கதை பரவி, அம்மா அழுதுகொண்டே இருந்தா. டொக்டர் நல்ல மனிதர். அப்பா கடற்கரை ஆள் என்று தெரிந்து, அதற்கேற்ற மாதிரிச் சொன்னாராம்.

"வள்ளத்துக்குள்ள தண்ணி வாறது வழமைதானே. கோலி வெளியில ஊத்திறவன் களைச்சுப்போனால்தான் அது ஏறி நிக்கும். உங்கட பிள்ளையின்ர இருதயம் நிண்டுபோகேல்லை. களைச்சுப்போச்சு."

கோல முடியாத தண்ணீர் காலில் நிற்கும், நெஞ்சிலும் நிற்கும். அதனால்தான் அவளால் மல்லாந்து படுக்க முடியாது. படுத்தால் மூச்சு முட்டும், சாய்ந்தபடிதான் நித்திரை. தண்ணீரை வெளியேற்ற ஒரு குளிசை, இருதயத்துக்கு ஒரு குளிசை, மாதம் ஒரு ஊசி. குடிக்கிற தண்ணீருக்கு அளவு. உப்பு கூடாது, உப்பு உடம்புக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இவ்வளவுக்கும் மேலே, ஒவ்வொரு நாளும் காலையில் சலம் போன பிறகு, சாப்பிட முதல், நிறுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு நாளில் இரண்டு இறாத்தல் ஏறினால் உடனே கொண்டு வரவேண்டும். தண்ணீர் காலில் தெரிய முதல் தராசில் தெரியும் என்று டொக்டர் சொன்னாராம்.

எங்கள் ஊரில் ஆளை நிறுக்கிற தராசு எங்கே? வாடியில் மீன் நிறுக்கிற தொங்கு தராசுதான் இருந்தது. அப்பா முதலாளியிடம் கேட்டு, மீன் வர முதல் அதில் அக்காவை நிறுக்க அனுமதி எடுத்தார். சாக்கை மடித்துக் கயிறு போட்டு ஊஞ்சல் மாதிரி ஒன்று செய்தார். வெறும் சாக்கை முதலில் நிறுத்து அதைக் கழித்தும் வைத்துக்கொண்டார். முதலாளி முஸ்லிம் மனிதர், நல்ல பகிடிக்காரர். அக்கா சாக்கில் ஏறினதும், இன்றைக்கு என்ன விலைக்குப் போகும், ஐஸ் போட்டுக் கொழும்புக்கு ஏற்றுவோமா என்று கேட்பார். அக்கா சிரிப்பாள். சிரித்துவிட்டு மூச்சு எடுப்பாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது.

அவளுக்கு நோய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. வீட்டில் இருந்த ஒரேயொரு சாய்மனைக் கதிரை அவளுக்கு. எங்கள் தலையணைகள் நாலும் அவளுக்கு. அவள் தனியாக உப்பில்லாமல் சாப்பிடுவது பாவம் என்று அப்பா எங்கள் எல்லாருடைய கறியிலும் உப்பை நிறுத்திவிட்டார். நாள் முழுக்க உப்புக்குள் நிற்கிற மனிதர், கையைக் கழுவிவிட்டு வந்து சப்பென்ற சோற்றைச் சத்தமில்லாமல் தின்பார். வாடிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போவார். நான் பின்னால் நடப்பேன். சாக்கு ஆடாமல் பின்பக்கம் பிடித்துக்கொள்வது என் வேலை. அப்பா முன்னால் நின்று அண்ணாந்து தராசு முள்ளைப் பார்ப்பார். முள் குறைந்திருந்தால் அவர் முகம் மலரும். அப்படி ஒரு மலர்ச்சியை நான் கணக்கில் முழுப் புள்ளி எடுத்த நாளிலும் கண்டதில்லை. என்னைவிடப் பெரியவள் மெலிந்து மெலிந்து பரிசு வாங்குகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

ஒரு நாள் கேட்டேவிட்டேன், என்னையும் ஒருக்கால் நிறுத்துப் பாருங்கோ என்று. அப்பா சாக்கைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"உனக்கென்னடா குறை?"

அது எனக்கு ஏச்சு மாதிரி இருந்தது. குறை இல்லாததுதான் என் குறை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததை இதுவரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை. அக்காவுக்குக் கருவாடு என்றால் உயிர். வாடிப் பக்கம் இருந்து வருகிற மணமே அவளை வாட்டியது. மத்தியானம் அம்மா நல்ல தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போகிற நேரம் அவள் என்னிடம் கெஞ்சினாள்.

"தம்பி, ஒரு துண்டு. ஒரேயொரு துண்டு கொண்டுவந்து தாவன்."

தரலாம், ஆனால் நான் கதிரையில் படுக்க வேண்டும் என்றேன். வாடியில் காய்ந்த கட்டாக் கருவாட்டில் ஒரு துண்டைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். அவள் நிலத்தில் குந்தியிருந்து அதைச் சப்பிச் சப்பித் தின்றாள். நான் நாலு தலையணையிலும் சாய்ந்து, கையைத் தொங்கப்போட்டு, நோயாளி மாதிரி இருமிப் பார்த்தேன். ஐந்து நாள் இந்த வியாபாரம் நடந்தது. ஒரு துண்டு, இரண்டு துண்டாகியது. உப்பு என்ன செய்யும் என்று எனக்கும் சொல்லித்தான் இருந்தார்கள். ஒரு துண்டில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். கதிரை அவ்வளவு சுகமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் முள் ஒரு இறாத்தல் ஏறி நின்றது. அப்பாவின் முகம் விழுந்துபோனது. தராசைத் தட்டிப் பார்த்தார், படிக்கல்லைத் தூக்கிக் கொழுவிப் பார்த்தார். தராசில் பிழை இல்லை. என் மனதுக்குள் ஒரு கள்ளச் சந்தோசம். இன்றைக்கு அவளுக்கு அப்பாவின் சிரிப்பு இல்லை.

ஆனால் அடுத்த நாள் முள் இறங்கியது. அதற்கடுத்த நாள் இன்னும் இறங்கியது. அப்பா பழையபடி மலர்ந்துபோனார். வீட்டிலோ அக்கா ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாமல் இருமினாள். கால் பளபளத்தது. குளிசை வேலை செய்கிறது, கால் மெல்ல வத்தும் என்று அப்பா அம்மாவைத் தேற்றினார். தராசு சொல்லிவிட்டதே.

ஆறாம் நாள் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கண்டேன். பக்கத்தில் ஒரு மீன் பெட்டி கிடந்தது. பாவாடைக்குள்ளால் அக்காவின் கால் நீண்டு, பெருவிரலும் அடுத்த விரல்களும் அந்தப் பெட்டியில் அமர்ந்திருந்தன. விரல் நுனி வெளிறிப்போய் இருந்தது. அவ்வளவு பலமாக ஊன்றியிருந்தாள். அப்பா மேலே முள்ளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளே, அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாய் திறக்கவில்லை. அந்தச் சிரிப்பை அவள் கள்ளமாக எடுக்கிறாள் என்ற எரிச்சலில்தான் திறந்தேன்.

"அப்பா, அக்கா பெட்டியில காலை ஊண்டுறா."

அப்பா குனிந்து பார்த்தார். பெட்டியைக் காலால் தள்ளினார். முள் விருட்டென்று ஓடியது. ஐந்து இறாத்தல் கூட. அவர் ஏசவில்லை. சாக்கோடு அவளை அள்ளினார். முதலாளி பகிடியை விட்டுவிட்டுத் தன் லொறியை எடுக்கச் சொன்னார். அக்கா அப்பாவின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆசுப்பத்திரியில் மூக்குக்கு மூச்சுக் குழாய் வைத்து, நரம்பில் மருந்து ஏற்றி, தண்ணீரை இறக்கினார்கள். ஒரு நாள் பிந்தியிருந்தால் நெஞ்சு நிரம்பியிருக்கும் என்று டொக்டர் சொன்னார். உப்புத் தின்றாயா என்று கேட்டதற்கு, "ஓம், நான்தான் களவா எடுத்துத் திண்டனான்" என்று அவள் சொன்னாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா என் தலையில் கையை வைத்து, இவன் கண்டதாலதான் பிள்ளை தப்பினது என்று தாதிக்கும் டொக்டருக்கும் சொன்னார். எத்தனையோ நாள் ஏங்கிக் கிடந்த கை. அது கனமாக இருந்தது.

பிறகு கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து அந்தக் கதவை விரித்தார்கள். அவள் பிழைத்து, கலியாணம் கட்டி, இன்றைக்கு என் நிறையைக் கேட்கிறாள்.

அவளை ஆசுப்பத்திரியில் விட்டுவிட்டு வந்த அடுத்த நாள் காலை, மீன் வர முதல், நான் தனியாக வாடிக்குப் போனேன். சாக்கு தராசிலேயே தொங்கியது. பெட்டியில் ஏறிச் சாக்குக்குள் உட்கார்ந்தேன். ஆசைப்பட்ட இடம். எத்தனை இறாத்தல் என்று பார்க்கத் தலையைத் தூக்கினேன். முள் தெரியவில்லை. தராசின் முகம் முன்பக்கம் பார்த்திருந்தது, நான் அதற்குக் கீழே. கழுத்தை எப்படித் திருப்பினாலும் அதில் இருக்கிறவருக்கு முள் தெரியாது. நேரே தெரிந்தது அப்பா வந்து நிற்கிற இடம் மட்டும்தான்.

அக்கா ஆசுப்பத்திரிக்குப் பயந்துதான் காலை ஊன்றினாள் என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்குப் பிறகும் கனகாலம் அப்படித்தான் நினைத்தேன். அப்பாவின் முகம் விழக்கூடாது என்றுதான் ஊன்றினாள் என்பது பிந்தித்தான் விளங்கியது.

காலை நீட்டி, அவள் வைத்த இடத்தில் விரலை ஊன்றிப் பார்த்தேன். முள் இறங்கியிருக்கும். அதைச் சொல்ல எனக்கு முன்னால் ஒருவரும் நிற்கவில்லை.