தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குலவை

போன வாரம் ஜங்ஷனிலிருந்து சேரன்மகாதேவி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண். கைபேசியில் யாரோ தோழியின் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்ப்பது தப்புதான், ஆனால் பழைய தொழில் கண்ணை விடுகிறதா? மேலே படத்துண்டுகள் ஒரு வரிசை, கீழே சத்தம் ஒரு வரிசை. கட்டைவிரலால் கீழ் வரிசையைத் தொட்டாள், ஒரு தட்டுத் தட்டினாள், மண்டபத்துச் சத்தம் மொத்தமும் போயிற்று. அந்த இடத்தில் ஒரு சினிமாப் பாட்டை இழுத்துப் போட்டாள். “ஒரு காப்பி எடுத்து வச்சிக்கிட்டியாம்மா?” என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்டிருந்தால் கண்டக்டர் என்னைப் பாதி வழியில் பேட்டையிலேயே இறக்கி விட்டிருப்பார்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பாளையங்கோட்டையில் ஒரு வீடியோக் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்கார வைத்தபோது, தப்பான கட்டையைத் தொட்டால் ஊரிலுள்ள கல்யாணமெல்லாம் அழிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஒரு துண்டு வெட்டினால் ஒரு தடவை சேமிப்பேன். சேமித்தேனா என்று சந்தேகம் வந்து மறுபடி சேமிப்பேன். கடைக்கார அண்ணாச்சி பார்த்துவிட்டுச் சொல்வார்: “ஏலே, அந்தக் கட்டையப் போட்டு அமுக்கி அமுக்கிப் பள்ளம் பறிச்சிட்டியே. தண்ணி வந்துறப் போவுது!”

அந்த அறையில் ஏ.சி. இருந்தது. எங்களுக்கில்லை, கம்ப்யூட்டருக்கு. மூடியே கிடக்கும் அறையில் எப்போதும் ஒரு கல்யாண வாசம் அடிக்கும். கேமராப் பையைத் திறந்தால் சந்தனம், பன்னீர், வாடின மல்லிகை, எல்லாவற்றுக்கும் அடியில் கொஞ்சம் சாம்பார். இசக்கி பந்தியில் உட்காரும்போது பையை மடியில் வைத்துக்கொள்வான். இசக்கிதான் எங்கள் கேமராமேன். எனக்கு நேர் எதிர், எதற்கும் கவலைப்படாதவன். அவனைப் பார்த்தாலே எனக்குக் கவலையாக இருக்கும்.

வேலை பிடிபட்ட பிறகு அந்தத் திரை எனக்குப் பாத்தி கட்டின வயல் மாதிரித் தெரிந்தது. மேல் பாத்தியில் படம், அடுத்ததில் பறக்கிற ரோஜாப்பூ, அதற்குக் கீழே சத்தம். சத்தத்தைக் கண்ணாலேயே படிப்பேன். ஐயர் மந்திரம் இளம்புல் மாதிரி, தவில் என்றால் முள்வேலி மாதிரி அடர்ந்து நிற்கும். தாலி கட்டுகிற இடம் வந்ததும் அந்த வேலியை அப்படியே எடுத்துவிடுவோம். அது கடை வழக்கம். ஏனென்றால் அசல் சத்தத்தில் யாராவது “எலையப் போடுங்கடே” என்று கத்திக்கொண்டிருப்பான், ஒரு பிள்ளை அழும். அதற்குப் பதிலாக எங்களிடம் இருந்த ஒரே கெட்டிமேளத்தையும் அதன் வாலில் ஒரு பாட்டையும் வைப்போம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பாதிக்கு மேளம் வாசித்தது ஒரே தவில்காரர்தான். பாவம், அவருக்கே தெரியாது. கிறிஸ்தவர்களின் மிஷன் கோயில் கல்யாணத்திலும் தப்பித் தவறி அந்த மேளத்தை வைத்துவிடுவேனோ என்று நான் பயந்த பயம் தனிக்கதை.

கோமதியின் கல்யாணமும் அப்படித்தான் முடிந்திருந்தது. சேரன்மகாதேவிப் பெண். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. விசா வந்துவிட்டது, கிளம்புவதற்குள் டிஸ்க் வேண்டும் என்று கடைக்கே வந்து உட்கார்ந்தாள். போட்டுக் காட்டினேன். தாலி ஏறியது, மேளம் முழங்கியது, பாட்டு வந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, எங்க அத்த கொலவ எங்க?”

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாளாம். வளர்த்தது அப்பாவின் அக்கா, புருஷனை இழந்தவள். மணமேடைக்கு வரச்சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லையாம். “நீ போ ட்டி, நான் இங்கன நின்னு பாத்துக்கிடுதேன்” என்று சாப்பாட்டுப் பந்திக்கட்டு வாசல் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாளாம். அந்தப் பக்கம் எந்தக் கேமரா திரும்பும்? முழு வீடியோவிலும் அவள் ஒரு இடத்திலும் இல்லை. ஆனால் தாலி கட்டும்போது அவள் போட்ட குலவை மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கிறது.

“மூஞ்சிதான் இல்ல. சத்தமாவது கெடக்கட்டும்ணே. நான் அங்கன போயி எதக் கேப்பேன்?”

முடித்த படம்தான் கம்ப்யூட்டரில் இருந்தது. கேசட்டிலிருந்து ஏற்றிய அசலையெல்லாம், இடம் பற்றவில்லை என்று அண்ணாச்சி சொல்லி, அன்று காலையில்தான் அழித்திருந்தேன். மிச்சம் கேசட் ஒன்றுதான். கேசட்டுகளோ திரையில் படம் கோடு கோடாகக் கிழியும்வரை அடுத்த கல்யாணத்துக்குப் போகும், பழையதன் மேலேயே புதுசு பதியும், அதுவும் கடை வழக்கம். இசக்கி அவற்றை அள்ளிக்கொண்டு திசையன்விளை போயிருந்தான், மாப்பிள்ளை அழைப்புக்கு. போன் போட்டேன், எடுக்கவில்லை. பஸ்ஸைப் பிடித்தேன்.

அந்தப் பஸ்ஸில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். எதிரே வந்த ஒவ்வொரு வேனிலும் இசக்கி திரும்பிப் போகிறான் என்று எழுந்து எழுந்து பார்த்தேன்.

மண்டப வாசலில் கார் நின்றிருந்தது. மாப்பிள்ளை இறங்கிக்கொண்டிருந்தார். இசக்கி கேமராவோடு பின்னால் பின்னால் நடந்துகொண்டிருந்தான்.

“லே இசக்கி, உள்ள எந்தக் கேசட் ஓடுது?”

“ஒரு கேசட் ஓடுது. ஒனக்கு என்ன வே?”

“சேரன்மாதேவிக் கல்யாணமாலே?”

“ஆமா. ஆரத்தி முடியட்டும், தாரேன்.”

“முடிஞ்சா அதுவும் சேந்து முடிஞ்சிரும்லே! ஒரு பொண்ணோட அத்த அதுக்குள்ள இருக்கா.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். என்ன தெரிந்ததோ, கேமராவைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, கூசாமல் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னான்: “மாப்ளே, கோவிச்சிக்கிடாதீங்க, கண்ண மூடிட்டீங்க. காருக்குள்ள ஏறிப் பையப் பைய எறங்குங்க.” மாப்பிள்ளையும் சமர்த்தாக ஏறிக்கொண்டார். அந்த இடைவெளியில் கேசட் என் கைக்கு வந்தது, சூடாக.

கேசட்டின் முன்பகுதியில் திசையன்விளை மாப்பிள்ளை ஏறியிருந்தார். முகூர்த்தப் பகுதி அழியாமல் தப்பியிருந்தது. மறுநாள் கோமதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சத்தத்தை ஏற்றினேன். தவில் வேலிக்குள் மெல்லிசாக, நெடுக ஓடியது குலவை. கடை மேளத்தையும் பாட்டையும் எடுத்துவிட்டு அசலைப் படத்துக்குக் கீழே வைத்தேன். “எலையப் போடுன்னு கத்துதான் லே” என்று அண்ணாச்சி முனகினார். “கத்தட்டும் அண்ணாச்சி, அது எங்க சித்தப்பா” என்றாள் கோமதி.

எனக்கு ஒரு உறுத்தல். முடிச்சு விழுந்து, அட்சதையும் விழுந்த பிறகுதான் குலவை தொடங்கியது. கோணலாகப் பட்டது. சத்தத்தை வெட்டிக் கொஞ்சம் முன்னால் இழுத்து, முடிச்சுக்கு நேராகப் பொருத்தினேன். கோமதி சட்டென்று என் கையைப் பிடித்துவிட்டாள்.

“அத நகத்தாதீங்கண்ணே. அத்தைக்கு அங்கனருந்து தாலி தெரியாது. மேளத்தக் கேட்டுத்தான் போட்டா.”

பழைய இடத்துக்கே தள்ளி வைத்தேன். சேமித்தேன். மறுபடியும் சேமித்தேன்.

டிஸ்க்கை ஊரில் போட்டுக் காட்டியபோது அத்தை கேட்டாளாம்: “யாருட்டி அது, எல்லாம் முடிஞ்ச பொறவு கொலவ போடுதா?”

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக்கு உறை விற்கிறார்கள். கேசட் இல்லை, சந்தனம் மணக்கும் பை இல்லை. இசக்கி ஆட்டோ ஓட்டுகிறான், இன்னும் கவலையில்லாமல். சத்தத்தைப் படத்தோடு பொருத்த ஆளும் தேவையில்லை. ஒரு பொத்தானைத் தட்டினால் தானே நேர்ப்படுத்திக்கொள்கிறது, ஒரு இம்மியும் பிசகுவதில்லை. தூணுக்குப் பின்னாலிருந்து மணமேடைக்கு எவ்வளவு தூரம் என்று இனி எந்தக் கல்யாண வீடியோவிலும் தெரியாது.