துல்ஹஜ் பத்து நாளும் என் கால் நகமும்

குவைத்தில் வண்டி ஓட்டிய காலமெல்லாம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என் பெயரில் குர்பானி கொடுத்தது மச்சான்தான். ஊரோடு வந்த பிறகு, போன வருடம்தான் என் கையால் ஆடு அறுப்பதென்று மனதுக்குள் நிய்யத் வைத்தேன். குர்பானி கொடுக்கிறவர் துல்ஹஜ் மாதப் பிறை தெரிந்ததிலிருந்து ஆட்டை அறுக்கும் வரை முடியும் நகமும் வெட்டாமல் இருப்பது சுன்னத்து, நபி காட்டிய வழி. பெருநாளுக்கு முந்தைய ஒன்பது நாளும் நோன்பு வைப்பது நல்லது. இத்தனை வருடம் விட்டதற்கெல்லாம் சேர்த்து, அந்த முறை ஒன்றையும் விடக்கூடாது என்று இருந்தேன்.

இரண்டாம் நாள், திண்டிவனத்தில் என் மினி லாரியிலிருந்து சிலிண்டர் இறக்கும்போது ஒன்று நழுவி வலது கால் பெருவிரலில் விழுந்தது. நகம் கறுத்து, பாதி பெயர்ந்து நின்றது. மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் இழுத்துப் போவாள், அவர் நகத்தைப் பிடுங்கிவிடுவார். சாக்ஸ் போட்டு மறைத்தேன். தொழுகையில் சஜ்தாவுக்குக் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்துக் கால்விரலை மடக்கும்போது உயிரே போனது.

ஐந்தாம் நாள் காலை, துவைக்க எடுத்த சாக்ஸோடு மனைவி வந்து நின்றாள்.

"இன்னாங்க இது? சீழ் கோத்துக்கினு இருக்குது, சும்மா இருக்கீங்களே. சுகர் வேற உங்களுக்கு."

"பெருநாள் முடியட்டும். இப்ப நகத்த எடுத்தா குர்பானி என்னாவுறது?"

"கால எடுத்துட்டா?"

செருப்பைத் தேடினேன். அடுத்த அரை மணி நேரத்தில் இருவரும் கிளினிக்கில் இருந்தோம். டாக்டர் பார்த்தவுடன் நகத்தை எடுக்கச் சொன்னார். நர்சிடம் ஐந்து நாள் தவணை கேட்டேன். காரணத்தைச் சொன்னதும் அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"உங்க பள்ளிவாசல்ல கேட்டுப் பாருங்கண்ணே. இங்கிருந்தே போன் போடுங்க. நான் நிக்கிறேன்."

எங்கள் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் என்னைவிடப் பத்து வயது இளையவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எதுக்கு பாய் மூணு நாளா வலியோட இருந்தீங்க?" என்றார். "ஒடம்புக்குக் கேடுன்னா நகத்த எடுத்துடுங்க. அது சுன்னத்துதான், கட்டாயமான ஃபர்ளு இல்ல. குர்பானிக்கு ஒரு குறையும் வராது. நோன்பையும் விட்டுட்டு மருந்து சாப்பிடுங்க. டாக்டர் சரின்னா பெருநாளுக்கு மொத நாளு, அரஃபா நாளு மட்டும் வைங்க, போதும்."

போனை வைத்ததும் கண் கலங்கிவிட்டது. வலியால் இல்லை. இத்தனை நாள் அல்லாஹ்வை ஏதோ தப்புக் கண்டுபிடிக்கிற அதிகாரி மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டே என் முதுகில் கை வைத்தாள். நர்ஸ் ஊசியை எடுத்து வந்தார்.

அதன்பின் மூன்று நாள் மருந்து, கஞ்சி, ஓய்வு. மாத்திரையைக் காலையும் இரவும் மட்டுமாக டாக்டர் மாற்றிக் கொடுத்தார். விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று என்று கணக்குச் சரியாக வந்தது. ஒன்பதாம் நாள், அரஃபா நோன்போடு விடியற்காலைத் தொழுகைக்குப் போனேன். ஒரு காலில் செருப்பு, மற்றதில் கட்டு. சஜ்தாவில் விரலைப் பயந்து பயந்து மடக்கினேன். லேசாக இழுத்தது, அவ்வளவுதான். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும், அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் சொல்லும் பெருநாள் தக்பீர் பள்ளிவாசல் முழுக்க எழுந்தது. அல்லாஹு அக்பர் என்று நானும் சேர்ந்து சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவு சத்தமாக.