முகம் தெரியாத புண்ணியவதி

இருபது வருடம் இருக்கும். திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் குடித்தனம். காலையில் சமையலை முடித்துவிட்டு, பஸ் பிடித்துப் போய் பத்மநாபசுவாமியைச் சேவித்து வருவது என் வழக்கம். பள்ளிகொண்ட பெருமாள் ஒரே பார்வையில் அடங்க மாட்டார். முதல் வாசலில் திருமுகம், நடுவாசலில் நாபிக்கமலம், மூன்றாவதில் திருவடி. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் மூன்றையும் பார்த்தால்தான் எனக்கு அன்றைய பொழுது ஓடும்.

திடீரென்று ஒருநாள் திருமுகம் தெரியவில்லை. வாசல் தெரிகிறது, விளக்கு தெரிகிறது, முகம் இருக்கும் இடத்தில் மட்டும் புகை படிந்தாற்போல் மங்கல். நடுவாசலில் கமலத்தைக் காணோம், கடைசியில் திருவடியையும் காணோம். எனக்கு இடது கண் சிறு வயதிலிருந்தே சரியில்லை. இருப்பது ஒரு கண். ஆனாலும் டாக்டர் ஞாபகமே வரவில்லை. என்ன குற்றம் செய்தேனோ, பெருமாள் மறைந்துகொள்கிறார் என்றுதான் நினைத்தேன். நாற்பத்தொரு நாள் விடாமல் வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

வீட்டில் மூச்சு விடவில்லை. காப்பி டம்ளருக்கு வெளியே வழிந்தபோது, "ஏண்டி, இன்னிக்கு மேஜைக்கும் காப்பியா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்து மழுப்பினேன். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவர்தான் இல்லை.

முப்பத்தோராம் நாள், ஓரக்கண்ணால் பார்த்தாலாவது தெரியுமா என்று முதல் வாசலில் கோழி மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பிரகாரத்துக்கு வந்ததும் எனக்குப் பின்னால் நின்றிருந்த பெண் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நேரே பார்க்கும்போ நடுவில மறைக்குதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் என்றேன்.

"என் அம்மைக்கும் இப்படித்தான் தொடங்கிச்சு. வயசாச்சுன்னு விட்டோம், கண்ணு போச்சு. இன்னிக்கே கண்ணாஸ்பத்திரிக்குப் போகணும் கேட்டோ."

"நேர்ச்சைல பத்து நாள் பாக்கி இருக்கேம்மா."

"சாமி பத்து நாள் பொறுக்கும் அக்கா. கண்ணு பொறுக்காது."

அவளே ஆட்டோவில் ஏற்றிவிட்டு, டிரைவரிடம் இடமும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் கட்டம் போட்ட காகிதத்தைக் காட்டினார்கள். கோடெல்லாம் எனக்கு நெளிந்து தெரிந்தது. விழித்திரையில் நடுப்பார்வைக்குப் பக்கத்தில் ரத்தக்குழாய் கசிகிறது, லேசரால் அடைக்கலாம், போன பார்வை முழுசாக வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வீட்டுக்காரர் ஓடி வந்தார். மறுநாளே லேசர். தாடையைத் தாங்கியில் வைத்ததும் பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. நான் நாராயணா நாராயணா என்று முணுமுணுக்க, "அம்மா, தாடை ஆடுது! நாமம் மனசில சொன்னா மதி, போதும்" என்று நர்ஸ் அதட்டினாள்.

மங்கல் சுருங்கி, ஒரு புள்ளியாக நின்றுவிட்டது. பாக்கிப் பத்து நாளும் போனேன். திருமுகம் முன்போல் இல்லாவிட்டாலும் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது.

அந்தப் பெண்ணைத் தேடினேன். எப்படிக் கண்டுபிடிப்பேன்? அன்று பேசும்போது அவள் முகத்தை நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனாலேயே அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. குரலும், என் கையைப் பிடித்த கையும்தான் தெரியும்.

இன்றும் தரிசன வரிசையில் முன்பின் தெரியாத ஒருத்தி என்னை இடித்துக்கொண்டு போனால்கூட எனக்குக் கோபம் வருவதில்லை; அவளாக இருக்குமோ என்று ஒதுங்கி வழிவிடுகிறேன்.