துடுப்பில் இருந்த கை

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்கால மத்தியானம். உம்மாவைக் கூட்டிக்கொண்டு கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் பாலம் கடந்து திருகோணமலைக்குப் போயிருந்தேன். துறைமுகப் பக்கம் பழம்பொருட்கள் வைத்திருக்கும் சின்ன நூதனசாலையில் வாப்பாவின் துடுப்பு இருந்தது. பாலம் வருவதற்கு முன் தோணியில் ஆட்களை அக்கரை சேர்த்தவர் வாப்பா. அவர் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு, எனக்கு மூத்தவரான நானாதான் அதை அங்கே கொடுத்தார்.

சீனி வருத்தத்தால் உம்மாவுக்குப் பார்வை போனதிலிருந்து ஒரே கதைதான். "அந்தத் துடுப்ப ஒருக்காத் தொட்டுப் பாக்கணும் மகள்."

உள்ளே போனால் திரும்பிய பக்கமெல்லாம் 'தொடாதீர்கள்'. கண் தெரியாதவளுக்குப் பார்க்க மட்டும் அனுமதி! எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சண்டைக்குத் தயாராகத்தான் பொறுப்பாளரின் அறைக்குள் நுழைந்தேன். சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல் தள்ளி வைத்துவிட்டு, மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஞாயிறு பத்திரிகைகளில் கதை எழுதுகிறவர் என்று நானா சொல்லியிருந்தார். எழுதுகிறவர்கள் நன்றாகப் பேசுவார்கள், காரியம் நடக்காது என்பது என் எண்ணம்.

அவரோ நான் சொல்லி முடித்ததும் எழுந்துபோய்ச் சுவரிலிருந்து துடுப்பை இறக்கினார். உம்மாவைக் கதிரையில் இருத்தி அதை மடியில் வைத்தார்.

உம்மாவின் விரல்கள் தடவிக்கொண்டே போய்ப் பிடியில் நின்றன. அங்கே மரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

"இது அவர்ர பெருவிரல்" என்றார் உம்மா. பிறகு அழுதார்.

"இதைத் தேய்ச்சு வார்னிஷ் அடிக்க வந்தவங்கள், அம்மா. நான்தான் மறிச்சனான்" என்றார் அவர். "துடுப்பு எங்கேயும் எடுக்கலாம். அந்தக் கையை எடுக்க ஏலாதே. எவ்வளவு நேரமெண்டாலும் வைச்சிருங்கோ."

சண்டைக்கு வந்த நான் கதிரை ஒன்றை இழுத்து உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் அங்கே போவோம். உம்மா வாப்பாவைப் பற்றிக் கதைப்பார். எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் கேட்டுக்கொண்டிருப்பார். உம்மாவும் மௌத்தான பிறகு நான் அந்தப் பக்கம் போவதில்லை. போன வருடம் அந்தப் பொறுப்பாளருடைய மரண அறிவித்தலைப் பத்திரிகையில்தான் பார்த்தேன். அன்றைக்கு முழுக்க வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை.

அண்மையில் அவ்வழியாக வந்தபோது கால் தானாக உள்ளே போனது. அவருடைய மேசையை வெளியே போட்டு, பெயின்ட் அடிப்பதற்காக ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தார். மேசை விளிம்பில், எழுதும்போது பொறுப்பாளர் மணிக்கட்டை ஊன்றிய இடம் மட்டும் வழவழவென்று பள்ளமாகியிருந்தது. என் கையை அதில் வைத்தேன்.

"இந்த இடத்த மட்டும் தேய்க்காதீங்க தம்பி."

"ஏன் அக்கா? அதுதானே பழுதாக் கிடக்கு?"

சொல்லத் தொடங்கினேன். அழுகைதான் வந்தது. அந்தத் தம்பி என்ன நினைத்தாரோ, அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கம் போனார்.

பொறுப்பாளருடைய கதைகளில் ஒன்றிரண்டுதான் நான் படித்திருக்கிறேன். ஆனால் வாப்பா, உம்மா, அவர் மூவரையும் நினைக்கும்போது முகத்துக்கு முதல் கைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அந்தக் கைகளை ஒரு தடவை பிடித்துப் பார்க்கக் கிடைக்காதா என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.