செம்பரம்பாக்கம் சுவரின் பாசி

பாடியில் மூன்று தொழிற்சாலை மதில்கள், பூந்தமல்லியில் ஒரு தெருவின் பாதி மாடிவீடுகள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமல், செங்கல் சுமந்தே மேஸ்திரியாகி நான் எழுப்பியவை. செம்பரம்பாக்கத்தில் கிடங்கு மேட்டின் மண்ணைத் தாங்கும் இந்தச் சுவரும் என்னுடையதுதான்.

நான் வந்த குத்தம்பாக்கம் பஸ் இதன் அருகே பஞ்சராகி நிற்கிறது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, இறங்கி நடக்கிறேன். மண்ணின் தண்ணீர் வடிய நான் சுவரில் விட்ட துளைகளை ஒரு கொத்தனார் சிமெண்டால் அடைத்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னாபா பண்ற?"

"பாசி புடிச்சிகினு அசிங்கமா கீதாம் அண்ணாத்தே. ஓனர் பூசச் சொன்னாரு."

தொட்டுப் பார்க்கிறேன். வழுக்கும் பாசி இல்லை. குட்டித் தண்டும் இலையுமாக மெத்தென்று இருக்கிறது. நுனிதோறும் ஒரு சொட்டு நீர். வேரில்லாத இந்தப் பாசி இனம் ஓயாமல் ஈரம் கசியும் இடத்தில்தான் இப்படிப் பச்சையாய்ச் செழிக்கும்.

"இது பச்சையா கீதுன்னா உள்ள தண்ணி வெளிய வருதுன்னு அர்த்தம். அடச்சா, உள்ளயே தண்ணி தேங்கி, அடமழைக்குச் செவுரு சாஞ்சிடும்."

"நீ இன்னா இன்ஜினியரா?" சிரிக்கிறார். ஆனால் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்த கரணை நின்றுவிட்டது.

பஸ் ஹாரன் அடிக்கிறது. ஓடிக்கொண்டே கத்துகிறேன்:

"அடச்சத பேத்துடு! ஓனர் கேட்டா, செவுரு நிக்கிறதே ஏழுமலை மேஸ்திரி உட்ட ஓட்டையாலதான்னு சொல்லு. பேர முழுங்கிடாத!"